முழங்கால் மறைத்த பெயர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழர்க்குப் புதிர் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை ஒரு தனி வகையாகவே எண்ணி இலக்கணம் கூறுகிறது. பொருளின் பெயரை மறைத்து, அதன் அடையாளங்களுள் சிலவற்றை மட்டும் காட்டி, 'இது யாது?' என்று கேட்பது பிசி. இலக்கிய அன்பர்கள் கூடுமிடங்களில் இதற்கு வேறொரு வடிவமும் உண்டு. ஒருவர் பாடியவர் பெயரைச் சொல்லாமல் ஒரு தனிப்பாடலைச் சொல்லி, 'இது யார் வாக்கு?' என வினவுவார். 'காளமேகம்' என்பார் ஒருவர். 'அந்தச் சொல் அவர் காலத்தில் வழங்கியதா?' என்று மறுப்பார் மற்றொருவர். அந்த மறுப்பு எழும் கணத்தில்தான் பொழுதுபோக்கு ஆராய்ச்சியாக மாறுகிறது.

இதே விளையாட்டைப் பாட்டுக்குப் பதிலாகப் பழைய மோட்டார் சைக்கிளைக் கொண்டு ஆடும் அன்பர் கூட்டம் உலகின் பல நாடுகளிலும் இருக்கிறது. ஒருவர் ஒரு புகைப்படத்தை நடுவில் வைப்பார். பெரும்பாலும் அது யாரோ ஒரு குடும்பத்தின் ஆல்பத்திலிருந்து வந்ததாக இருக்கும். தொப்பியணிந்த ஓர் இளைஞர் வண்டிமேல் அமர்ந்திருப்பார். பக்க வண்டியில் அவர் மனைவி குழந்தையோடு இருப்பார். வண்டியின் பெயர் பெட்ரோல் டாங்கின்மேல் எழுதப்பட்டிருக்கும். ஆனால், இளைஞரின் முழங்கால் அதனை மறைத்துவிடும். அவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, வண்டி இன்று எங்கே என்பதும் தெரியாது. வண்டியைச் செய்தவர் யார், எந்த ஆண்டில், எந்த மாதிரி என்ற மூன்றையும் சொல்லவேண்டும். சரியாகச் சொன்னவர் அடுத்த படத்தை வைக்கும் உரிமை பெறுவார். பெரும் பரிசு எதுவும் இல்லை.

உறுப்புகள் ஒன்று, பெயர் வேறு

எஞ்சினைப் பார்த்தால் வண்டியைச் சொல்லிவிடலாமே என்று புதியவர் எண்ணுவார். முதலில் தடுக்கி விழும் இடம் அதுவே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டனில் மட்டும் நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள் நிறுவனங்கள் தோன்றி மறைந்தன. அவற்றுள் பலவும் எஞ்சினைத் தாமே செய்தவை அல்ல. லண்டனின் டாட்டன்ஹாம் பகுதியில் ஜான் ஆல்ஃபிரட் பிரெஸ்ட்விச் நடத்திய தொழிற்சாலையின் ஜே.ஏ.பி. எஞ்சின்கள் பல நிறுவனங்களின் வண்டிகளில் பொருத்தப்பட்டன. சிறு வண்டிகளுக்கு உல்வர்ஹாம்ப்டனின் வில்லியர்ஸ் எஞ்சின், கியர் பெட்டிக்கு ஸ்டர்மி ஆர்ச்சர் அல்லது பர்மன், முன் ஃபோர்க்குக்கு டுரூயிட், பிராம்ப்டன் அல்லது வெப் என்று, கடையில் வாங்கிய உறுப்புகளைச் சேர்த்துப் பெயரை மட்டும் தம்முடையதாக எழுதிக்கொண்டோர் பலர்.

அவ்வாறு சேர்த்தவை எல்லாம் தரங்குறைந்தவை என்றும் கருதலாகாது. நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் பிரோ 1919 முதல் 1940 வரை செய்த பிரோ சுப்பீரியர் வண்டிகளின் எஞ்சின்கள் பெரும்பாலும் ஜே.ஏ.பி.யோ மேட்ச்லெஸ்ஸோ செய்து கொடுத்தவைதாம். ஆயினும் அக்காலத்தில் அவற்றினும் மேலான வண்டி இல்லை என்று மதிக்கப்பட்டன. அரேபியாவில் போரிட்டுப் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பிரோ சுப்பீரியர்களை வைத்திருந்தார். 1935 மே மாதத்தில் ஏழாவது வண்டியில் செல்லும்போது நேர்ந்த விபத்தில்தான் உயிர் நீத்தார். சொற்கள் எல்லார்க்கும் பொது. அவற்றை அடுக்கும் முறையில்தான் புலவன் தெரிகிறான். வண்டியிலும் சட்டம் வளையும் பாங்கு, டாங்கின் மூக்கு இறங்கும் விதம், சைலன்சர் முடியும் இடம் ஆகியவற்றில்தான் செய்தவர் கை தெரியும்.

காலத்தைப் படித்தல்

பெயர் தெரியாவிட்டாலும் காலத்தை ஓரளவு படித்துவிடலாம். ஆடுவோர் பலரும் தொடங்கும் இடம் இதுவே. சட்டத்தின் இரு மேற்குழாய்களுக்கிடையே பெட்டிபோல் தட்டையான டாங்க் தொங்கினால், பிரிட்டிஷ் வண்டி பெரும்பாலும் 1920களின் இறுதிக்கு முற்பட்டது. குதிரைமேல் சேணம் கவிழ்ந்தாற்போல் டாங்க் குழாயின்மேல் கவிழ்ந்திருந்தால் அதற்குப் பிற்பட்டது. பின்சக்கரத்தைத் தோல் பெல்ட் சுழற்றினால் இன்னும் பழமை. செயின் சுழற்றினால் பின்னது. டாங்கின் பக்கத்தில் கியர் மாற்றும் கைப்பிடி நின்றால் ஒரு காலம். வெலோசெட் நிறுவனம் 1920களின் இறுதியில் வழிகாட்டிய காலால் மாற்றும் கியர் இருந்தால் வேறொரு காலம். முன்சக்கரத்தின் மேல் சுருள்வில்லும் இணைப்புக் கம்பிகளுமான கர்டர் ஃபோர்க் தெரிந்தால் பெரும்பாலும் போருக்கு முந்தியது. குழாய்க்குள் குழாய் இறங்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை எண்ணெய்த் தணிப்புடன் 1935இல் பி.எம்.டபிள்யூ. விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் படைக்காக மேட்ச்லெஸ் செய்த ஜி3எல் வண்டி 1941இல் அதைப் பெற்றது.

இவை எல்லாம் எல்லைக் கற்கள், சட்டங்கள் அல்ல. பழைய டாங்கை விடாமல் வைத்திருந்த நிறுவனமும் உண்டு; உடைந்த ஃபோர்க்கை எடுத்துவிட்டுப் பத்தாண்டு பிந்திய ஃபோர்க்கை மாட்டிய மெக்கானிக்கும் உண்டு. ஆகவே ஒரு சான்றை மட்டும் நம்பியவர் தோற்பார். ஐந்து சான்றுகளுள் நான்கு ஒரு காலத்தையும் ஒன்று வேறொரு காலத்தையும் சுட்டுமானால், அந்த ஒன்றுதான் பிற்காலத்துச் சேர்க்கை என்று கொள்ளவேண்டும். ஏட்டில் இடைச்செருகலைக் காண்பவரும் செய்வது இதுவேயன்றோ?

அரியதும் அடையாளமும்

அரிய வண்டியே கடினமான புதிர் என்று நினைப்பது இயல்பு. உண்மை பெரும்பாலும் அதற்கு மாறானது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1921 முதல் 1925 வரை செய்யப்பட்ட மெகோலாவை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். ஐந்து சிலிண்டர் கொண்ட அதன் எஞ்சின் முன்சக்கரத்துக்கு உள்ளேயே இருந்தது. கிளட்ச் கிடையாது, கியர் பெட்டியும் கிடையாது. வண்டி நின்றால் எஞ்சினும் நிற்கும். செக் நாட்டில் ஆல்பின் லீபிஷ் செய்த போமர்லாண்ட் மூவர் வரிசையாக அமரும் அளவு நீளமானது. அக்காலத்திலேயே வார்ப்பு உலோகச் சக்கரங்களைக் கொண்டது. பின்சக்கரத்தின் இருபுறமும் பெட்ரோல் டாங்குகளைத் தாங்கியது. இவ்விரண்டும் மிக அரியவை. ஆயினும் தேர்ந்தவர் கூட்டத்தில் புதிராக நில்லா.

கடினமான புதிர், ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில் பிறக்கிறது. அதற்கு டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்ற சிறு வண்டியின் குடும்பத்தைவிடச் சிறந்த சான்று இல்லை.

ஒரு தாய், பல மக்கள்

சாக்சனி மாநிலத்துச் சோப்பாவ் நகரில் டென்மார்க்கிலிருந்து வந்த யார்கன் ஸ்காஃப்டே ராஸ்முசன் வளர்த்த நிறுவனம் டி.கே.டபிள்யூ. 1920களின் இறுதியில் உலகிலேயே மிகுதியாக மோட்டார் சைக்கிள் செய்த நிறுவனம் அதுவே. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் அது 125 சி.சி. டூ ஸ்டிரோக் எஞ்சின் கொண்ட ஆர்.டி. 125 என்னும் எளிய வண்டியைக் கொண்டுவந்தது. போரில் ஜெர்மனி தோற்றபின் அதன் தொழிற்சாலையின் பொறிகளைச் சோவியத் ஒன்றியம் பெயர்த்துச் சென்றது. வடிவமைப்பு வென்ற நாடுகளின் கைக்குப் போயிற்று. மாஸ்கோவில் அது 'மாஸ்க்வா' ஆயிற்று. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் 125 சி.சி. வண்டி ஆயிற்று. பர்மிங்காமில் 1948இல் பி.எஸ்.ஏ. பாண்டம் ஆயிற்று. இசைக்கருவிகள் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமொன்று 1955இல் முதன்முதலாக ஒரு மோட்டார் சைக்கிள் செய்தபோது, அதற்கும் இதுவே முன்மாதிரி. யமஹா ஒய்.ஏ.1 என்னும் அந்த வண்டியை ஜப்பானியர் 'செந்தும்பி' என்று செல்லமாக அழைத்தனர்.

ஒரு படத்துக்கு ஐந்து விடைகள். ஐந்தும் ஒருவகையில் உறவு. இவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? ஜெர்மன் வண்டியில் கியரும் கிக்கரும் இடப்பக்கம். பிரிட்டிஷார் வலக்காலால் கியர் மாற்றிப் பழகியவர்கள்; எனவே பி.எஸ்.ஏ. பொறியாளர்கள் எஞ்சினையே கண்ணாடியில் கண்ட உருவம்போல் இடவலம் மாற்றி வரைந்துவிட்டார்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பழைய நெகடிவ்வைத் தலைகீழாகத் திருப்பாமல் பக்கம் மாற்றி அச்சிட்டுவிட்டால் டி.கே.டபிள்யூ. பாண்டம்போலத் தோன்றும். எழுத்துகள் தெரிந்தால் பிழை வெளிப்பட்டுவிடும். தெரியாவிட்டால் முன் ஃபோர்க்கைப் பார்க்கவேண்டும். போர்க்கால ஆர்.டி. 125இல் ரப்பர் வளையங்கள் அதிர்ச்சியைத் தாங்கிய கர்டர் ஃபோர்க் இருந்தது. ஹார்லி தொடக்கத்தில் அந்த ரப்பரை அப்படியே வைத்துக்கொண்டது. பாண்டமோ முதலிலிருந்தே டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குடன் வந்தது.

இக்குடும்பத்தில் போருக்கு முன்பே பிறந்த உறவு ஒன்றும் உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் ஸ்டாக்விஸ் என்ற நிறுவனம் டி.கே.டபிள்யூ.வின் 98 சி.சி. வண்டியை விற்றுவந்தது. அந்நிறுவனத்தை நடத்தியவர்களுள் யூதர் இருந்தனர் என்ற காரணத்தால், 1938இல் நாஜி ஆட்சியின் கொள்கைப்படி அந்த விற்பனை உரிமை பறிக்கப்பட்டது. ஸ்டாக்விஸ் நிறுவனத்தார் இங்கிலாந்தின் ரெடிச் நகருக்குச் சென்று, அதே போன்ற வண்டியைச் சற்றுப் பெரிய எஞ்சினோடு செய்துதருமாறு ராயல் என்ஃபீல்டை வேண்டினர். 'ராயல் பேபி' என்ற பெயரில் 1939இல் அது உருவாயிற்று. அடுத்து ஜெர்மன் படை நெதர்லாந்தைப் பிடித்தது, வாங்குவோர் இல்லை. ஆனால், வானிலிருந்து இறங்கும் பிரிட்டிஷ் படைக்கு இலேசான வண்டி ஒன்று தேவைப்பட்டது. இரும்புக் குழாய்க் கூண்டில் வைத்துப் பாராசூட்டில் இறக்கப்பட்ட அந்தச் சிறு வண்டியை 'ஃபிளையிங் ஃப்ளீ', அதாவது 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்றனர். நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் 1944இல் இறங்கிய படையோடு அதுவும் சென்றது. யூதர் என்பதற்காக ஒரு நிறுவனத்திடமிருந்து பறிக்கப்பட்ட வண்டியின் நகல், பறித்தவரை எதிர்த்து அதே நாட்டில் வானிலிருந்து இறங்கிற்று.

படத்தைப் பார்த்து 'ராயல் என்ஃபீல்ட் 125' என்று சொல்லிவிட்டால் விளையாட்டின் விதிப்படி அது சரியான விடைதான். ஆனால், அதன் எஞ்சின் ஏன் ஜெர்மன் சாயலில் இருக்கிறது என்று கேட்டவரே இந்த வரலாற்றின் வாயிலைக் கண்டவர்.

திருவொற்றியூர்ப் புதிர்

அதே ரெடிச் நகரத்திலிருந்து இன்னொரு புதிர் தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லைக் காவலுக்காக இந்தியப் படை 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தபின், 1955இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. பட்டினத்தார் அடங்கிய தலமாகிய திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைச் சேர்த்தார்கள். பிறகு வார்ப்பதற்கும் கடைவதற்கும் உரிய கருவிகளே வந்து சேர்ந்தன. 1960களின் தொடக்கத்தில் முழு வண்டியும் இங்கேயே செய்யப்பட்டது. ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்ட் தயாரிப்பு 1970இல் முற்றும் நின்றது. திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது. 1977இல் கப்பலேறித் தான் பிறந்த நாட்டிற்கே விற்பனைக்குச் சென்றது.

எனவே ஒரு புல்லட் படத்தைப் பார்த்தவுடன் ஆண்டு சொல்லுவது பேதைமை. ஹெட்லைட்டின் இருபுறமும் சிறுகண் போன்ற விளக்குகள், வலக்காலில் கியர், ஒரே சிலிண்டரின் நெடிய உருவம் ஆகியவை 1950களின் ரெடிச் வண்டிக்கும் உரியவை. பல பத்தாண்டு கழித்துத் திருவொற்றியூரில் வந்த வண்டிக்கும் உரியவை. சென்னை வண்டியின் டாங்கைப் பழைய முறையில் வண்ணந்தீட்டி, இண்டிகேட்டர்களைக் கழற்றிவிட்டு ஆங்கில வண்டி என்று கூறுவோரும் உண்டு. அவ்வாறு கூறுவதில் ஒரு நகைப்பு மறைந்திருக்கிறது. தாய் மறைந்தபின்னும் குடும்பப் பெயரைக் காத்த மகளைத் தாயின் வேடமிட்டுத்தான் மதிக்கவேண்டுமா? வடசென்னைத் தொழிலாளர் கையால் வந்த வார்ப்பை அதன் சொந்தப் பெயரால் அழைப்பதும் இந்த விளையாட்டின் கடமைதான்.

கறுப்புப் பூச்சு

இதுவரை சொன்னவை பிழைகள். வேண்டுமென்றே செய்யும் பொய்யும் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரில் வின்சென்ட் நிறுவனம் செய்த 1000 சி.சி. வண்டிகளுள் ராபிட் ஒன்று; அதனினும் விரைவாகச் செல்லத் திருத்தப்பட்டு 1948இல் வந்த பிளாக் ஷாடோ மற்றொன்று. பின்னதன் எஞ்சின் கறுப்பு எனாமல் பூசியது. முகத்தளவு பெரிய ஸ்பீடாமீட்டரில் மணிக்கு 150 மைல்வரை எண்கள் இருக்கும். வின்சென்ட் தயாரிப்பு 1955இல் நின்றது. அவர்களின் பந்தய வண்டியாகிய பிளாக் லைட்னிங் ஒன்று 2018 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகர ஏலத்தில் 9,29,000 டாலருக்கு விலைபோயிற்று. விலை இவ்வளவு ஏறிய இடத்தில், ராபிட் எஞ்சினுக்குக் கறுப்பு பூசிவிட ஒருவனுக்கு ஆசை பிறப்பதில் வியப்பில்லை.

பூச்சு ஏமாற்றும்; எண் எளிதில் ஏமாற்றாது. ராபிட் எஞ்சினில் குத்திய எண்ணின் முன் '1' என்ற குறி இருக்கும். ஷாடோவில் '1பி' என்று இருக்கும். போருக்குப் பிந்திய இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் சட்டத்தின் எண் எஞ்சின் எண்ணைவிட 1900 மிகுதியாக அமைவது வழக்கம். எஞ்சின் உறையின் இரு பாதிகளிலும் ஒரே இணையெண் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்றை மாற்றியவன் மற்றொன்றை மறப்பான். தேர்ந்தவர் பளபளப்பைப் பார்க்காமல் கைவிளக்கோடு எஞ்சினுக்கு அடியில் குனிவது இதனால்தான்.

விடையும் காரணமும்

எண்களைச் சரிபார்க்கத் தொழிற்சாலைப் பதிவேடு வேண்டும். எல்லா இடத்திலும் அது எஞ்சவில்லை. கவென்ட்ரி நகர்மீது 1940 நவம்பர் 14 இரவு விழுந்த ஜெர்மன் குண்டுகளால் டிரையம்ப் நிறுவனத்தின் தொழிற்சாலை அழிந்தது. பழைய ஆவணங்கள் பலவும் அதனோடு போயின. சிறு நிறுவனங்கள் பல, கடன் முற்றிக் கதவடைத்த நாளில் தம் புத்தகங்களைப் பழைய காகிதமாகத் தள்ளிவிட்டன. ஏட்டுச்சுவடிகள் ஆற்றோடு போன கதையை அறிந்த தமிழர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

ஏடு போனபின் எஞ்சுவது அறிந்தவர் நினைவு. அதை உணர்ந்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் 'டிட்ச்' ஆலன். அவர் முயற்சியால் 1946இல் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் தோன்றியது. போர்க்காலத்தில் பழைய இரும்பாக உருக்கப்பட்டவை போக எஞ்சிய வண்டிகளைக் காப்பது அதன் நோக்கம். அவர்களே காலப்பகுப்பையும் வகுத்தார்கள். 1915க்கு முற்பட்டது 'வெட்டரன்'. 1915 முதல் 1930 முடியச் செய்யப்பட்டது 'விண்டேஜ்'. பி.எஸ்.ஏ., டிரையம்ப் போன்ற நிறுவனங்களின் எஞ்சிய பதிவேடுகள் அவர்களின் நூலகத்தில் சேர்ந்தன. பிரிட்டனில், பதிவெண் இழந்த பழைய வண்டிக்கு அதன் வயதுக்கேற்ற எண் பெற, இத்தகைய கழகங்கள் தரும் காலச்சான்றிதழை அரசு ஏற்றுக்கொள்கிறது. படம் வைத்து ஆடிய விளையாட்டில் தேர்ந்த கண், அரசு ஏற்கும் சாட்சியாகிவிட்டது.

சாட்சி என்றவுடன் பொறுப்பும் வந்துவிடுகிறது. ஆட்டத்தில் இருவகையினரைக் காணலாம். ஒருவர் படத்தைக் கண்டவுடன் பெயரைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எப்படிக் கண்டீர்கள் என்று கேட்டால், 'பார்த்தாலே தெரியும்' என்பார். மற்றவர் சற்றுத் தாமதிப்பார். 'டாங்க் தட்டை, ஆகவே இந்த ஆண்டுக்கு முன். பிராம்ப்டன் ஃபோர்க், ஆகவே இந்த நான்கு நிறுவனங்களுள் ஒன்று. சைலன்சர் இப்புறம் திரும்புகிறது. ஆகவே இந்த இருவருள் ஒருவர். இதற்குமேல் சொல்ல இயலவில்லை' என்று நிறுத்துவார். ஆட்டத்தில் முதலாமவர் வெல்வார். ஆனால், அவர் மறைந்தால் அவரோடு அவர் அறிவும் மறையும். இரண்டாமவர் தோற்றாலும், கேட்டிருந்த இளைஞர் மறுநாள் வேறொரு படத்தைப் படிக்கக் கற்றிருப்பார். அவர் காரணத்தில் பிழை இருந்தால் அதைத் திருத்தவும் கற்றிருப்பார்.

உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த நூல்களில் பாடபேதங்களைக் குறித்துவைத்தது இந்த இரண்டாமவர் வழி. தாம் கொண்ட பாடத்தை மட்டும் அச்சிட்டு அவர் நிறுத்திக்கொண்டிருக்கலாம். கைவிட்டவற்றையும் காட்டியதால், பின்வந்தோர் அவர் முடிவை மீண்டும் எடைபோட முடிந்தது. ஔவையார் என்னும் ஒரே பெயருக்குள் வெவ்வேறு காலத்துப் புலவர் பலர் இருப்பதை அறிஞர் பிரித்துக் கண்டதும் சொல்லையும் யாப்பையும் காரணமாகக் காட்டியே. வெறும் பெயரை மட்டும் ஒப்புவித்திருந்தால் அவர்கள் இன்றும் ஒருவராகவே இருந்திருப்பார்கள்.

புல்லட்டைப் பல்லாண்டு பிரித்துப் பூட்டிய மெக்கானிக்குகள் இன்று முதுமை எய்திவிட்டனர். ஒரு நட்டின் புரியைத் தொட்டே இது இங்கிலாந்தினது, இது சென்னையினது என்று பிரித்துச் சொல்லும் கை அவர்களுடையது. அக்கை எப்படி அறிகிறது என்பதை யாரேனும் அருகிலிருந்து கேட்டு எழுதவேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்ட், 2024 நவம்பரில் தன் மின்சார வண்டிக்கு 'ஃபிளையிங் ஃப்ளீ' என்ற பழைய பெயரையே சூட்டி அறிவித்தது. பெயர் திரும்பி வந்துவிட்டது. ராட்டர்டாமில் உரிமை பறிபோன வணிகர்களின் கதையும் அப்பெயரோடு வரவேண்டுமானால், முழங்கால் மறைத்த எழுத்தைப் படிக்கும் கண்ணும், படித்த வழியைப் பிறர்க்குச் சொல்லும் வாயும் அடுத்த தலைமுறையில் சிலருக்கேனும் வாய்க்கவேண்டும்.